பம்ப்செட் வீதியின் நாற்காலிகள்

கண்ணாடிக் கட்டிடக் கம்பெனியில் முதல் சுற்று நேர்காணலை முடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு வந்த கோகிலவாணி, பின்னால் ஏதோ டக் டக் என்று வருகிறதே என்று திரும்பிப் பார்த்தாள். காலையில் வரவேற்பறையில் அவள் உட்கார்ந்திருந்த நீலத் துணி நாற்காலி, நான்கு இரும்புக் கால்களையும் மாற்றி மாற்றி வைத்து நடந்துவந்து, அவளுக்கு இரண்டடி தள்ளி, மற்ற பயணிகளோடு பயணியாகப் பேருந்துக்குக் காத்து நின்றது. அவள் ஓரடி நகர்ந்தாள். அதுவும் ஓரடி நகர்ந்தது. பேருந்து வந்ததும் நடத்துனர் மருதாசலம் அவளையும் பார்த்து, அதையும் பார்த்து, "கம்பெனி சேருங்களா அம்மிணி? பின்னாடிப் படியில ஏறச் சொல்லுங்க. பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, அதுக்கு லக்கேஜ் போடோணும்" என்று சொல்லி, விரலில் எச்சில் தொட்டு ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அவள் குடியிருந்த பம்ப்செட் வீதி கோயமுத்தூரின் வடக்கு ஓரத்தில் இருந்தது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு மோட்டார் செய்த வீதி. பட்டறைகள் மூடிய பிறகு, லேத்து ஓடிய இடங்களில் எல்லாம் தடுப்பு வைத்து வாடகைக்கு விட்டார்கள். பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்ற கண்ணாடிக் கட்டிடத்துக்குள் எப்படியாவது நுழைந்துவிட வேண்டும் என்று நினைத்தவர்கள் அந்தத் தடுப்புகளுக்குள் குடியிருந்தார்கள். ஆகவே, நாற்காலி எப்படி நடக்கிறது என்று அந்த வீதியில் யாரும் கேட்கவில்லை. எத்தனாவது ரவுண்டு என்றுதான் கேட்டார்கள்.

முதல் நாற்காலி வந்தபோது நாய்கள் குரைத்தன, பிறகு நாய்களே நாற்காலிகளின் அடியில் படுத்துத் தூங்கப் பழகின; வீட்டுக்காரர்கள் வாடகை பேசும்போது "ஆள் மட்டுமா, சேரோடயா?" என்று கேட்கத் தொடங்கினார்கள், கல்யாண வீட்டார் பந்திக்கு நாற்காலி வாடகைக்கு எடுப்பதை விட்டுவிட்டு, ரவுண்டில் இருப்பவர்களாகப் பார்த்துப் பத்திரிகை வைத்தார்கள், அவர்கள் வந்தால் நாற்காலியும் கூடவே வந்துவிடுமே, பிள்ளையார் கோவில் பூசாரி, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி விடும் இடம் என்று சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட்டார், சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்த வீதி, பொழுது விடிந்தால் "எத்தனாவது ரவுண்டுங்?" என்று கேட்டது, பொழுது சாய்ந்தால் "ஏதாச்சும் தகவல் வந்துதுங்களா?" என்று கேட்டது, இரண்டுக்கும் நடுவில் எல்லோரும் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோகிலவாணிக்கு அந்த வேலை வேண்டியிருந்தது ஒரே காரணத்துக்காக. அவளுடைய மகள் கவினயா மூலனூரில் இருந்தாள். கணவர் இறந்த பிறகு, வேலை செய்த பட்டறையும் மூடிய பிறகு, குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொண்டவள் கணவரின் அக்கா ருக்மணி. அந்தப் பக்கத்து வழக்கப்படி கோகிலவாணி அவளை நங்கையா என்று கூப்பிடுவாள். நங்கையா கெட்டவள் அல்ல. கெட்டவளாக இருந்தால் பயமே இருந்திருக்காது.

"வாணி, புள்ளைய வெச்சிருக்கறது எனக்கொண்ணும் பாரமில்ல" என்று அவள் தை மாதத்திலேயே தொலைபேசியில் சொல்லிவிட்டாள். "ஆனா ஒண்ணாப்பு எங்க சேர்க்கறமோ அதுதான் அவளுக்கு ஊரு. சூன் மாசம் பள்ளிக்கொடம் தொறக்கறதுக்குள்ள உனக்கொரு சோலின்னு ஆச்சுன்னா வந்து கூட்டிட்டுப் போ. இல்லீன்னா நான் இங்கயே போட்டுடறேன். நட்டத நடுவுல புடுங்கி நடக்கூடாது, பாத்துக்க."

"அதுக்குள்ள ஆயிருமுங் நங்கையா. மொத ரவுண்டு முடிஞ்சுது."

அப்போது பின்னாலிருந்து கவினயாவின் குரல் கேட்டது. "அம்மா, யாரும்மா போன்ல?" அந்த அம்மா தனக்கில்லை என்பது கோகிலவாணிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

ஆனால் கம்பெனிக்கு எந்த அவசரமும் இல்லை. இரண்டாம் சுற்றில் கணினியில் ஒரு தேர்வு. மூன்றாம் சுற்றில் அதே தேர்வை இன்னொரு முறை. சான்றிதழ்களைக் கேட்டார்கள், கொடுத்தாள். மறுபடி கேட்டார்கள், மறுபடி கொடுத்தாள். உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று ஒரு செய்தி வந்தது. மாசி போய்ப் பங்குனி வந்தபோதும் அதே செய்தி வந்தது. இதற்கிடையில், வீதி முனையில் மெஸ் நடத்திய செல்லாத்தாள், தினமும் சோறு வாங்க வரும் அவளிடம் ஒரு நாள் கேட்டாள்.

"ஏம் புள்ள, பட்டறையில கணக்குப் பாத்தவதான நீ? இங்க வந்து பாரு. சோத்த அள்ளிப் போட்டுக்கிட்டே கணக்கும் பாக்கோணும், நின்னுக்கிட்டேதான் பாக்கோணும். சம்பளம் தர்றேன், சோறுந் தர்றேன்."

"ரவுண்டுல இருக்கறனுங்கக்கா" என்றாள் கோகிலவாணி. சொல்லிவிட்டு, சும்மா எப்படி இருக்கிறதென்று பார்ப்போமே என்று மெஸ்ஸின் கல்லாப் பக்கம் போய் நின்றும் பார்த்தாள். நாற்காலி வாசலிலிருந்து விறுவிறுவென்று வந்து முழங்காலுக்குப் பின்னால் இடித்து அவளை உட்கார வைத்துவிட்டது.

"விடாது போல" என்றாள் செல்லாத்தாள், கரண்டியைத் துடைத்தபடி.

விடாதுதான். நாற்காலிக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது, அதை வீதி பட்டுத்தான் தெரிந்துகொண்டது. கம்பெனியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் அழைப்பு வரும். வரும்போது விண்ணப்பம் போட்டவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசி வீட்டுப் பரணி குளித்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு அழைப்பு வந்தது. சோப்பு நுரையோடு ஓடி வருவதற்குள் மணி நின்றுவிட்டது. நாற்காலி வெறும் நாற்காலியாகத் திரும்பி, வீதி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கம்பெனியைப் பார்த்து நடந்துபோனது. பரணி மறு வாரம் ஊருக்குப் போய்விட்டான். அதன் பிறகு வீதியில் யாரும் நிம்மதியாகக் குளிக்கவில்லை. பாதிச் சோற்றில் எழுந்து ஓடினார்கள். தூங்குவதும் உட்கார்ந்தபடியே என்றாகி, கழுத்து சுளுக்காதவர் இல்லை.

வழி சொன்னவர் மருதாசலம். அவர் வாழ்நாளெல்லாம் பேருந்தில் இடத்தகராறு தீர்த்தவர். "இதுக்கு ஏனுங் இத்தனை வெசனம்? சீட்டுல துண்டு கிடந்தா அது ஆள் இருக்கற சீட்டு. நாளைக்கே கவர்னர் வந்தாலும் அந்தச் சீட்டுல உக்கார முடியாது. போட்டுப் பாருங்."

போட்டுப் பார்த்தார்கள். துண்டு கிடந்த நாற்காலிக்கு வந்த அழைப்பு, ஆள் வந்து சேரும்வரை பொறுமையாக ஒலித்துக்கொண்டே இருந்தது. வீதிக்கு உயிர் வந்தது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு துண்டோ, கைக்குட்டையோ, தாவணியோ கிடந்தது. ஆட்கள் கடைக்குப் போனார்கள், கோவிலுக்குப் போனார்கள், ஒருவரோடொருவர் நின்று பேசினார்கள். கோகிலவாணியும் தோளில் போட்டிருக்கும் சென்னிமலைத் துண்டை, மஞ்சள் கறை படிந்த பச்சைக் கரைத் துண்டை, நாற்காலியில் விரித்துவிட்டு வெளியே போகப் பழகினாள்.

எட்வினுக்கு நடந்தது வரைக்கும்.

எட்வின் அவளுக்கு எதிர் அறைக்காரன், ஐந்து சுற்று முடித்தவன். மாமன் மகள் கல்யாணத்துக்கு உடுமலைக்குப் போகும்போது துண்டு போட்டுவிட்டுத்தான் போனான். அன்று மத்தியானம் அவன் நாற்காலி எழுந்தது. மணி ஒலிக்கவில்லை, செய்தி வரவில்லை. கடைசிச் சுற்றுக்குக் கம்பெனி ஆட்களைக் கூப்பிடுவதில்லை, நாற்காலியைத்தான் கூப்பிடுகிறது என்பது அன்றுதான் தெரிந்தது. துண்டைச் சுமந்துகொண்டு நாற்காலி போனது. பெரிய சாலையில் போக்குவரத்துக் காவலர் கை காட்டி வண்டிகளை நிறுத்தி அதற்கு வழிவிட்டார். சாயங்காலம் எட்வின் திரும்பி வந்தபோது அவன் துண்டுக்கு வேலை கிடைத்திருந்தது.

எட்வினின் அம்மா வீதி முழுக்க மிட்டாய் கொடுத்தாள். "தேறிடுச்சுங், எங்க துண்டு தேறிடுச்சு." எட்வின் முதலில் கோபப்பட்டான், பிறகு அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான். "என்ற துண்டுக்கு இந்த வாரம் நைட் ஷிப்டுங்க. ஃபோன் பண்ணாக்கூட எடுக்கறதில்ல." ஆட்கள் அவனிடம் சிபாரிசு கேட்டு வந்தார்கள். கோகிலவாணியும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள், அந்தத் துண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்வரை.

வந்த துண்டு கஞ்சி போட்டதுபோல் விறைத்து நின்றது. கொடியில் போட்டால் மடங்கவில்லை. எட்வின் முகம் துடைத்தான், ஈரம் முகத்திலேயே இருந்தது. அவன் அம்மா அதை வாளியில் முக்கினாள், தண்ணீர் உருண்டு உருண்டு கீழே போனது. இதற்கு முன் வேலை கிடைத்துப் போனவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் விறைப்பாகத்தான் வந்தார்கள். அது உத்தியோக மிடுக்கு என்று வீதி நினைத்திருந்தது. ஒரு துண்டுக்கு என்ன மிடுக்கு இருக்க முடியும்?

"கஞ்சி இறுகிப்போச்சு" என்றாள் செல்லாத்தாள், துண்டைத் தட்டிப் பார்த்து. தட்டினால் அட்டைபோலச் சத்தம் கேட்டது. "மொத நாளே தண்ணிய ஊத்தி அலசியிருக்கோணும். இனி போகாது."

அன்றிலிருந்து கோகிலவாணி துண்டு போடுவதை நிறுத்தினாள். கடைசிச் சுற்றுக்குத் துண்டு போய்விட்டால் வேலை துண்டுக்கு, தனக்கு ஒன்றுமில்லை, கவினயா மூலனூரில் ஒன்றாம் வகுப்பு. அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடி சமைத்தாள், உட்கார்ந்தபடி துணி மடித்தாள், நாற்காலியோடு சேர்ந்து நகர்ந்து நகர்ந்து வீடு கூட்டினாள். சித்திரை வெயிலில் தகரக் கூரை காய்ந்தது. நாட்காட்டியில் ஜூன் மாதத் தாள் தெரியுமளவுக்கு மற்றத் தாள்கள் மெலிந்திருந்தன. உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.

மே மாதக் கடைசியில் நங்கையா பழனிக்குப் போகிற வழியில் கவினயாவைக் கொண்டுவந்து விட்டாள். "ரெண்டு நாள் இருக்கட்டும். திரும்பறப்ப கூட்டிக்கறேன்" என்றவள், அறையையும் நாற்காலியையும் அதில் உட்கார்ந்திருந்தவளின் காலையும் பார்த்தாள். கால் வீங்கியிருந்தது. "ஏன்டி, எந்திரிச்சு ஒரு வாய் காப்பி வெக்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தானே அடுப்பைப் பற்றவைத்தாள்.

கவினயா முதல் நாள் கதவோரத்தில் நின்றாள். இரண்டாம் நாள் காலையில் அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டாள். எண்ணெய் வைத்த தலையை அவள் தாடைக்குக் கீழே முட்டுக் கொடுத்து, "இந்தச் சேரு எதுக்கு உன்ன விட மாட்டேங்குது?" என்று கேட்டாள். "அதுக்கு அம்மா இல்லையா?"

கோகிலவாணி பதில் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் வீதியில் கூச்சல் கேட்டது. "தண்ணி வந்துருச்சு! பில்லூர்த் தண்ணி!"

அந்த வீதிக்குக் குடிதண்ணீர் எப்போதாவதுதான் வரும், வந்தால் கொஞ்ச நேரம்தான் வரும். வீட்டில் ஒரு சொட்டு இல்லை. குழந்தை வேறு வந்திருக்கிறது. கோகிலவாணி பாதி எழுந்தாள். நாற்காலி முழங்காலில் இடித்தது. துண்டு தோளில்தான் இருந்தது, கை அதைத் தொட்டது, எட்வினின் துண்டு நினைவுக்கு வந்தது, கையை எடுத்துக்கொண்டாள். பிறகு, பேருந்தில் ஏற நிற்கும் தாய்மார் எல்லோரும் செய்கிற காரியத்தை, அவளுடைய அம்மா அவளை வைத்துச் செய்ததை, ஜன்னல் வழியாகக் குழந்தையை உள்ளே தூக்கிப் போட்டு இடம் பிடிக்கச் சொல்வார்களே, அதைச் செய்தாள். கவினயாவை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"அம்மாவுக்கு இடம் பிடிச்சு வை கண்ணு. இதோ வந்தர்றேன். யார் கேட்டாலும் எந்திரிக்காத."

"எந்திரிக்க மாட்டேன்" என்றாள் கவினயா, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு.

துண்டுக்குத்தான் வேலை போகும், பிள்ளைக்கா போகும் என்று நினைத்தபடி அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நைட்டிக்கு மேல் துண்டைச் சரிசெய்தபடி வரிசையில் நின்றாள், சண்டை போட்டாள், குடத்தை நிறைத்து இடுப்பில் ஏற்றினாள். திரும்பி வந்தபோது அறை காலியாக இருந்தது. வாசல் ஈரத்தில் நான்கு ரப்பர்க் கால்களின் தடம், பெரிய சாலையைப் பார்த்துப் போயிருந்தது.

"வாணி!" எட்வினின் அம்மா வாய் நிறையச் சிரித்தபடி வந்தாள். "உங்க பாப்பாவுக்குக் கடேசி ரவுண்டு வந்துருச்சுங்! என்ன ஜம்முனு உக்காந்து போகுதுன்னு பாக்கோணுமே. மிட்டாய் எனக்குத்தான் மொதல்ல!"

குடத்தை இறக்கவும் தோன்றாமல் கோகிலவாணி ஓடினாள். வீதி இரண்டு பக்கமும் நின்று வாழ்த்தியது. இந்த வயசுலயே எத்தனை கெட்டி என்றார் பூசாரி. சாலையில் மருதாசலத்தின் பேருந்து வந்தது, கை காட்டி ஏறினாள்.

"விரசலாப் போகச் சொல்லுங்கண்ணா, என்ற புள்ள சேர்ல போகுது!"

மருதாசலம் படியிலிருந்து எட்டிப் பார்த்தார். தூரத்தில், லாரிகளுக்கு நடுவில், நீல நாற்காலி நிதானமாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. அதில் இரண்டு சின்னக் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவர் முகம் மாறியது. "துண்டுதான் போடச் சொன்னேன் அம்மிணி" என்றார் மெதுவாக. பிறகு விசிலை வாயில் வைத்து, எந்த நிறுத்தத்திலும் நிற்க விடாமல் ஊதிக்கொண்டே வந்தார். ஆனால் அந்தப் பெரிய சாலையில் காவலர் கையைத் தூக்கி நிறுத்தியிருந்தார், நாற்காலிக்கு வழிவிட. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து, தானாக மூடுவதைப் பேருந்திலிருந்தே கோகிலவாணி பார்த்தாள்.

வாசல் காவலாளி அவளை மறித்தார். "யாரப் பாக்கணும்?"

"உள்ள என் பொண்ணு..."

"கேண்டிடேட்டா? சேர் எங்க?" அவர் பார்வை நைட்டியில் இறங்கி, துண்டுக்குப் போய், இடுப்பில் நின்றது. "ஓ, தண்ணியா? முன்வாசல்ல வரக்கூடாதுன்னு எத்தன தடவை சொல்றது? பின்னாடி லிப்ட்ல போம்மா. நாலாவது மாடி, அங்கதான் தண்ணி இல்லேன்னு கத்திக்கிட்டு இருக்காங்க."

நாலாவது மாடியில் நீண்ட கண்ணாடி நடை. அதன் கடைசியில், கண்ணாடிச் சுவருக்குள், மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் நாற்காலியில் கவினயா. கதவிடுக்கில் குரல் வந்தது.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."

"எம் பேரு கவினயா. யூகேஜி முடிச்சுட்டேன்." அது அவள் குரல்தான்.

"ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?"

கவினயா விரல் விட்டு எண்ணினாள். "ஆறாம் வகுப்பில்." அந்தக் குரலில் சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது. ஓடி வந்த கோகிலவாணி, தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டிருந்த கால்கள் ஆட்டத்தை நிறுத்தியதைப் பார்த்தாள்.

"உங்களுடைய பலம் என்ன?"

"இடம் பிடிப்பது. யார் கேட்டாலும் எழுந்திருக்க மாட்டேன்." கசங்கியிருந்த கவுன் தானாகச் சுருக்கம் நீங்கி, மடிப்பு மடிப்பாக நின்றது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள்.

"எப்போது வேலையில் சேர முடியும்?"

"ஜூனில்" என்றாள் கவினயா. மேசையோரத்து இயந்திரம் உறுமியது. அதன் வாயிலிருந்து ஓர் அடையாள அட்டை, முதலில் நெற்றி, பிறகு கண், பிறகு மூக்கு என்று மகளின் முகத்தோடு வெளியே வரத் தொடங்கியது.

கோகிலவாணி கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். "கவி! எந்திரி சாமி, போலாம்."

கவினயா திரும்பினாள். கழுத்து மட்டும் திரும்பியது. எண்ணெய் வழிந்த தலைமுடி கோடு எடுத்ததுபோல் படிந்திருந்தது. அவள் அம்மாவை அடையாளம் தெரிந்துகொள்ள முயற்சி செய்வதுபோல் பார்த்து, தெளிவாகச் சொன்னாள்:

"கொஞ்சம் வெளியே காத்திருங்கள்."

மூவரில் நடுவில் இருந்த பெண் அதிகாரி கனிவாகவே பேசினாள். அவளுடைய புடவையும் ஓர் இழை அசையவில்லை. "பதற்றப்படாதீர்கள். நல்ல வேலை. குழந்தை இந்த ஊரிலேயே இருப்பாள், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவாள். நீங்கள் எதற்காக விண்ணப்பித்தீர்களோ அது நடந்துவிடுகிறது இல்லையா?"

அது உண்மையாக இருந்ததுதான் பயங்கரம். கவினயா இதே ஊரில். நங்கையா மறுப்புச் சொல்ல முடியாது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், கோகிலவாணி அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தாள். கதவைத் திறக்கிறாள், மகள் நிற்கிறாள், கட்டிக்கொள்கிறாள், அட்டையைக் கட்டிக்கொண்டதுபோல் இருக்கிறது, அழுகிறாள், கண்ணீர் அந்தக் கன்னத்தில் ஒட்டாமல் உருண்டு உருண்டு கீழே போகிறது. இயந்திரம் அட்டையைத் துப்பியது. இளைஞன் ஒருவன் அதை நீல வாரில் கோத்து, மாலை போடுவதுபோல் இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு கவினயாவை நோக்கி வந்தான்.

மொத நாளே தண்ணிய ஊத்தி அலசியிருக்கோணும்.

கோகிலவாணி இடுப்பிலிருந்த குடத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். பில்லூர்த் தண்ணீர் முழுக்க, சண்டை போட்டுப் பிடித்த அத்தனை தண்ணீரும், கவினயாவின் தலைவழியே சடசடவென்று இறங்கியது. வெள்ளைக் கஞ்சி நாற்காலிக்கடியில் ஓடியது. கோடெடுத்த முடி கலைந்தது, கவுன் தொளதொளத்தது, விறைத்த தோள்கள் மளுக்கென்று தளர்ந்தன. கவினயா வாய் திறந்து, மூச்சு முட்டி, மூச்சை இழுத்து, ஓவென்று அலறினாள்.

"அம்மா! குளுருது!"

அந்த அம்மா அவளுக்குத்தான். கோகிலவாணி மகளை வாரித் தூக்கி இடுப்பில், குடம் இருந்த இடத்தில், ஏற்றிக்கொண்டாள். தோள் துண்டை உருவித் தலையைத் துவட்டினாள், காதைத் துவட்டினாள். துண்டு சொட்டச் சொட்ட நனைந்தது.

இளைஞன் வாரை விரித்தபடியே நின்றான். நாற்காலி காலியாக இருந்தது. அறையில் இருந்தவர்கள் முதல்முறையாகக் கலங்கிப்போனார்கள்.

"இப்படிப் போனால் எப்படி?" என்றாள் பெண் அதிகாரி, கிட்டத்தட்டக் கெஞ்சும் குரலில். "முடிவாகிவிட்டது. அட்டை வந்துவிட்டது. நாற்காலியில் ஒருவர் இருந்தாக வேண்டுமே. வேண்டுமானால் நீங்கள் உட்காருங்கள். இன்றே சேர்ந்துவிடலாம்."

நாற்காலி டக் டக் என்று கோகிலவாணியை நோக்கி நடந்து வந்தது. தை மாதத்திலிருந்து அவள் காத்திருந்த நாற்காலி. பின்னால் வந்து, முழங்காலைத் தேடி, மெல்ல இடித்தது. கவினயா கழுத்தை இறுக்கிக்கொண்டாள். குழந்தையின் ஈரம் நைட்டியின் தோளுக்குள் இறங்கி, தோலை எட்டியது. எட்டியதை உணர்ந்ததும் கோகிலவாணி முழங்காலை விறைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு, ஓடும் பேருந்தின் ஜன்னலுக்குள் வீசுவதுபோல், ஈரத் துண்டைச் சுழற்றி நாற்காலியில் வீசினாள். சொத்தென்று விழுந்தது. நாற்காலி நின்றது. துண்டை எடைபோட்டுப் பார்ப்பதுபோல் கொஞ்சம் சாய்ந்தது, நிமிர்ந்தது, திரும்பி மேசையைப் பார்த்து நடந்துபோனது.

மூன்று பேரும் மூச்சு விட்டார்கள்.

"கொஞ்சம் ஈரமாக இருக்கிறார்" என்றார் ஓரத்தில் இருந்தவர்.

"ஏசி இருக்கிறதே" என்றாள் பெண் அதிகாரி. துண்டின் பக்கம் குனிந்து, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்கினாள்.

காலிக் குடத்தையும் மகளையும் தூக்கிக்கொண்டு கோகிலவாணி வெளியே வந்தாள். சாலையைக் கடக்கும்போது காவலர் அவளுக்காகக் கையைத் தூக்கவில்லை. வண்டிகள் போய் முடியும்வரை நின்று, நடந்தே வீதிக்கு வந்தாள். பின்னால் எந்தச் சத்தமும் இல்லாதது முதுகுக்கு விசித்திரமாக இருந்தது. நேராக மெஸ்ஸுக்குப் போனாள். செல்லாத்தாள் அவள் பின்னால் எட்டிப் பார்த்தாள், கரண்டியை நீட்டினாள்.

மறுநாள் மாலை பழனியிலிருந்து நங்கையா கூப்பிட்டாள். "சோலி என்னாச்சு? எட்வின் அம்மாகாரி போன் போட்டு என்னமோ மிட்டாய் கேக்கறா."

"என்ற துண்டுக்குக் கிடைச்சிருச்சுங் நங்கையா."

"அப்ப உனக்கு?"

"செல்லாத்தா அக்கா மெஸ்ஸுல கணக்குப் பாக்கறேன்."

"உக்கார்ற சோலியா, நிக்கற சோலியா?"

"நிக்கறதுதானுங்."

"கால் வீக்கம் வத்திருச்சா?"

"வத்துதுங்."

"அப்பச் சரி" என்றாள் நங்கையா. அவளுக்கும் அது எளிதான சொல் இல்லை. "அவ துணியெல்லாம் நாளைக்கு பஸ்ஸுல தாட்டி உடறேன். அங்கயே பள்ளிக்கொடத்துல போட்டுரு. லீவுக்கு மட்டும் எனக்குக் குடு."

ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்தது. பெரிய சாலையைக் கடந்துதான் போக வேண்டும். ஒரு நாள் காலையில், கண்ணாடிக் கட்டிடத்துக்கு நேராக வந்தபோது கவினயா நின்று அண்ணாந்து பார்த்தாள். நாலாவது மாடி ஜன்னலோரம், நீல நாற்காலியில், பச்சைக் கரை போட்ட சென்னிமலைத் துண்டு ஒரு சுருக்கமும் இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் மடிப்பில் அடையாள அட்டை தொங்கியது. மஞ்சள் கறை மட்டும் போயிருக்கவில்லை.

"அம்மா, நம்ம துண்டு!" கவினயா இரண்டு கையையும் ஆட்டினாள். "இங்க பாரு! இங்க!"

துண்டு திரும்பவில்லை. கோகிலவாணி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வா கண்ணு, நேரமாச்சு. அது வேலையா இருக்குது."